சம்பளமும் பால் வரும்படியும் சேர்ந்தோர்க்கு வீட்டுக் கடன்

1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் மோட்டார் தொழிற்சாலை கார் உற்பத்தி தொடங்கியது. இன்று ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துக் குடியானவர் வீடுகள் பலவற்றில் ஆலைச் சம்பளமும் கறவை மாடும் சேர்ந்தே குடும்பத்தைத் தாங்குகின்றன. அத்தகையோர் மனையை ஈடு வைத்துக் கடன் கேட்கையில், பாங்கியார் சம்பளத்தை மாத்திரம் கொண்டு, பால் வரும்படியைத் தள்ளிவிடுவதுண்டு. சம்பளத்திற்கு முதலாளி தரும் சான்று உளது. சொந்தத் தொழிலுக்கோ பெரும்பாலும் இரண்டு, மூன்று வருஷத்து வருமான வரிக் கணக்கைக் கேட்பர். நெல் வருமானத்திற்கு வரி விலக்குண்டு. பால் விற்பனை அவ்விலக்கில் சேராதென்பதைப் பலர் அறியார். ஆகையால் சங்கத்துப் பால் பணத்தைப் பாங்கிக் கணக்கிலேயே பெற்று, தீவனம் முதலிய செலவு போக நின்றதை ஆண்டுதோறும் வரிக் கணக்கில் காட்டி வருதல் வேண்டும். கடனுக்கென்று அவசரமாய் எழுதிய கணக்கு செல்லுவது அரிது. மாட்டுக் கடனில் பாக்கியிருப்பின், அதன் தவணையையும் கழித்தே வீட்டுக் கடன் தொகையை நிர்ணயிப்பர்.