குழந்தைக்குக் கட்டணமில்லை, இடமும் இல்லை!

புதுதில்லி: சிறு குழந்தையுடன் இரண்டு நாள் விடுமுறையாகக் கேரளம் செல்லும் தமிழகக் குடும்பங்களுக்கு, ஊரைவிடப் பயண வழியே முக்கியமாகிறது.

ரயிலில் 5 வயதுக்குட்பட்டோருக்குக் கட்டணம் இல்லை. தனிப் படுக்கை கோரினால் முழுக் கட்டணம் என 2022 ஆகஸ்டில் ரயில்வே அமைச்சகம் விளக்கியது. தாயின் படுக்கையுடன் இணையும் குழந்தைப் படுக்கை, அதே ஆண்டு மே மாதம் லக்னோ மெயிலில் சோதனையாக அறிமுகமானது.

பாலக்காடு செல்வது எளிது. பொள்ளாச்சியிலிருந்து அகலப்பாதை 2015-இல் திறக்கப்பட்டது. ஹைதர் அலியின் கோட்டையையும் மலம்புழை அணைப் பூங்காவையும் ஒரே நாளில் காணலாம்.

இடுக்கி மாவட்டத்திலோ ரயில் நிலையமே இல்லை. மூணாறில் ஓடிய சிறு ரயில் 1924 வெள்ளத்தில் அழிந்தது. தமிழகப் பகுதியில், 2023 ஜூனில் மீண்டும் ரயில் வந்த போடிநாயக்கனூருடன் தண்டவாளம் முடிகிறது. அப்பால் போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள்.

காரில் 14 வயதுக்குட்பட்டோருக்கு சீட் பெல்ட் அல்லது குழந்தை இருக்கை கட்டாயம், மீறினால் ரூ.1,000 அபராதம் என்கிறது 2019-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம். ஆயினும், வாடகைக் காரில் குழந்தையை மடியில் வைத்துச் செல்வதே வழக்கமாக உள்ளது. அபராதம் விதிக்கும் அரசு, வாடகைக் கார்களில் குழந்தை இருக்கை கிடைப்பதையும் உறுதி செய்ய வேண்டும்.