தூங்கும் முன் பத்து நிமிடம்: பிள்ளைக்கு ஒரு படக்கதை

சிங்கப்பெருமாள் கோவில் – ஒரகடம் பகுதியில் கம்பெனி வேலைக்குப் போகும் குடும்பங்களுக்கு ஷிஃப்ட்தான் கடிகாரம். நைட் ஷிஃப்ட் முடிந்து தந்தை வீடு வரும்போது பிள்ளை பள்ளிக்குக் கிளம்பிவிடுகிறது. தாய்க்கும் ஓயாத வேலை. இரவில் பிள்ளையைத் தூங்க வைக்கும் பொறுப்பு செல்போனிடம் போய்விடுகிறது. அந்த இடத்தில் ஒரு படக்கதைப் புத்தகத்தை வைத்துப் பாருங்கள்.

சென்னையில் 1996-ல் தொடங்கப்பட்ட தூலிகா பதிப்பகம், தமிழ் உட்படப் பல மொழிகளில் சிறுவர் படக்கதைகளை வெளியிட்டு வருகிறது. அதில் ஒன்று, ஃபவ்ஸியா கிலானி வில்லியம்ஸ் எழுதி, ப்ரொய்தி ராய் படம் வரைந்த இஸ்மத்தின் பெருநாள் கதை. இஸ்மத் வீட்டாருக்குப் பரிசுகளும் தனக்கு ஒரு கால்சட்டையும் வாங்குகிறார். கால்சட்டையோ நீளம். வெட்டித் தைக்கச் சொன்னால், பெருநாள் வேலையில் யாருக்கும் நேரமில்லை. அவரே குறைத்துவிடுகிறார். பிறகு மனைவி, தாய், மகள் என ஒவ்வொருவரும் மற்றவருக்குத் தெரியாமல், பாவம் என்று அதையே குறைக்கிறார்கள்!

பிள்ளை இங்கே சிரிக்கும். சிரிப்புக்குள் ஒரு பாடம் இருக்கிறது: எல்லோர் மனதிலும் அன்பு இருந்தது, ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளத்தான் தவறினார்கள்.

எப்படி வாசிப்பது என்பதும் முக்கியம். அமெரிக்க உளவியலாளர் வைட்ஹர்ஸ்ட் குழுவினர் 1988-ல் வெளியிட்ட ஆய்வில், வாசிக்கும்போது கேள்வி கேட்டு, பதிலை விரித்துப் பேசிய பெற்றோரின் சிறு பிள்ளைகள் ஒரே மாதத்தில் மொழித்திறனில் முன்னேறியிருந்தனர். எனவே, "அடுத்து என்ன ஆகும்? நீயாக இருந்தால் என்ன செய்வாய்?" என்று கேளுங்கள். தவறாகச் சொன்னாலும் கண்டிக்க வேண்டாம். கேள்வி கேட்கும் பிள்ளையை "சும்மா இரு" என்று அடக்கினால், நாளடைவில் அது கேட்பதையே நிறுத்திவிடும்.

புத்தகம் வாங்க வசதி இல்லையா? பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. நைட் ஷிஃப்ட் போகும் தந்தை, கதையைத் தன் குரலில் பதிவு செய்து வைத்துவிட்டுப் போகலாம். தாய் பக்கங்களைப் புரட்ட, பிள்ளை தந்தையின் குரலைக் கேட்கும்.

கதை முடிந்ததும் தூங்கும் முன் ஓதும் துஆவைச் சேர்ந்து ஓதி விளக்கை அணையுங்கள். பிள்ளைகளிடம் இரக்கம் காட்டச் சொன்ன நபி (ஸல்) அவர்களின் வழி அது.