‘யாரிடமும் சொல்லாதே!’ என்று ஒரு குரல்



உறைபனி கொட்டும் ஜனவரி மாதக் காலைப் பொழுது ஒன்றை எண்ணிப் பாருங்கள். குன்னூரில் ஒரு வீடு. வீட்டுத் தலைவர் கடை திறக்கச் சென்றுவிட்டார். மகன் கோவையில் பணியாற்றுகிறான். மகள் புகுந்த வீட்டில் இருக்கிறாள். அடுப்பில் பால் காய்ந்துகொண்டிருக்கிறது. தொலைபேசி ஒலிக்கிறது. எடுத்தால், பதிவு செய்யப்பட்ட ஒரு குரல்: “இன்னும் இரண்டு மணி நேரத்தில் உங்கள் தொலைபேசி இணைப்பு துண்டிக்கப்படும். விவரம் அறிய ஒன்பதாம் எண்ணை அழுத்துங்கள்.”

அழுத்தியதும் ஓர் அதிகாரி பேசுகிறார். அந்த அம்மையாரின் பெயரைச் சொல்கிறார். ஆதார் எண்ணையும் பிழையின்றிச் சொல்கிறார். “உங்கள் பெயரில் மும்பையிலிருந்து வெளிநாட்டுக்குச் சென்ற பார்சலில் போதைப் பொருள் பிடிபட்டிருக்கிறது” என்கிறார். அடுத்து வீடியோ அழைப்பு. திரையில் காவல்துறைச் சீருடை. பின்னால் தேசியக் கொடி. “உங்களை டிஜிட்டல் முறையில் கைது செய்திருக்கிறோம். கேமராவை அணைக்கக் கூடாது. அறையை விட்டு வெளியேறக் கூடாது. இது இரகசிய விசாரணை. கணவரிடம் கூடச் சொல்லக் கூடாது.”

அடுப்பில் பால் பொங்கி வழிகிறது. எழுந்து சென்று அணைப்பதற்கும் அந்த அம்மையார் அஞ்சுகிறார்.

இந்த வீடு கற்பனை. ஆனால், இதன் ஒவ்வொரு வார்த்தையும் நாட்டின் ஏதோ ஒரு வீட்டில் ஒலித்ததுதான். நம் மலையும் இதற்கு விலக்கல்ல. குன்னூரில், வீட்டிலிருந்தபடியே பணிபுரிந்த ஒரு பெண்மணி இவ்வாறு பல நாட்கள் வீடியோ அழைப்பிலேயே முடக்கப்பட்டு, பல இலட்சம் ரூபாயை இழந்த செய்தி 2024-ஆம் ஆண்டு நாளேடுகளில் வந்தது.

படித்தவர்களும் தப்பவில்லை

“எழுத்தறிவில்லாதவர்கள்தாமே இதில் ஏமாறுவார்கள்?” என்று நினைக்கிறீர்களா? பஞ்சாபின் புகழ்பெற்ற நூற்பாலைக் குழுமமான வர்த்தமானின் தலைவர் எஸ்.பி. ஓஸ்வால், பத்ம பூஷண் விருது பெற்றவர். 2024 ஆகஸ்டு மாதம், தமது 82-ஆம் வயதில், அவர் 7 கோடி ரூபாயை இழந்தார். அவருக்காக மோசடிக்காரர்கள் உச்சநீதிமன்ற விசாரணையையே போலியாக நடத்திக் காட்டினார்கள். அப்போதைய தலைமை நீதிபதியின் பெயரிலும் ஒருவன் பேசினான். உறங்கும் நேரத்திலும் கேமரா இயங்கிக்கொண்டே இருக்க வேண்டும், எவரிடமும் வாய் திறக்கக் கூடாது என்பன அவருக்கு இடப்பட்ட கட்டளைகள். பிறகு காவல்துறை விரைந்து செயல்பட்டதால் 5 கோடி ரூபாய்க்கு மேல் மீட்கப்பட்டது.

மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தந்த கணக்கின்படி, 2024-ஆம் ஆண்டில் மட்டும் ‘டிஜிட்டல் கைது’ போன்ற மோசடிகளில் மக்கள் இழந்தது 1,935 கோடி ரூபாய். எல்லாவகை இணையப் பண மோசடிகளையும் சேர்த்தால், அதே ஆண்டில் பறிபோன தொகை 22,845 கோடி ரூபாய். இவ்வளவு பேர் ஏமாந்தது அறிவுக் குறைவால் அல்ல. அச்சம் மிகுந்த ஒரு வேளையில் அவர்கள் தனியாக இருந்தார்கள் என்பதே காரணம்.

சட்டம் என்ன சொல்கிறது?

சகோதரிகளே, இதை நன்றாக மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். ‘டிஜிட்டல் கைது’ என்று ஒன்று இந்தியச் சட்டத்தில் எங்குமே இல்லை. 2024 அக்டோபர் 27-ஆம் நாள் வானொலி உரையில் பிரதமரும் இதைத் தெளிவாகக் கூறினார். எந்த விசாரணை அமைப்பும் தொலைபேசியிலோ வீடியோ அழைப்பிலோ மிரட்டி விசாரிப்பதில்லை, பணம் கேட்பதுமில்லை.

கைது பற்றிய சட்டம் 2024 ஜூலை 1 முதல் ‘பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா’ என்ற பெயரில் நடைமுறையில் உள்ளது. அதன்படி, கைது செய்யும் காவலர் தமது பெயர் தெளிவாகத் தெரியும் அடையாளத்தை அணிந்திருக்க வேண்டும். கைதுக் குறிப்பு எழுதப்பட வேண்டும். அதில் குடும்பத்தினர் ஒருவரோ, அவ்வூரின் மதிப்பிற்குரிய ஒருவரோ சாட்சியாகக் கையொப்பமிட வேண்டும். குடும்பத்தினர் எவரும் சாட்சியாகக் கையொப்பமிடாதபோது, தம் உறவினர் அல்லது நண்பர் ஒருவருக்குத் தகவல் தெரிவிக்கப்பட உரிமை உண்டு என்பதைக் கைதானவருக்குச் சொல்ல வேண்டும். கைது நடந்த செய்தியை உறவினருக்கோ நண்பருக்கோ தெரிவிப்பது காவலரின் கடமை. 24 மணி நேரத்திற்குள் நீதிபதி முன்னிலையில் நிறுத்த வேண்டும். மிக விதிவிலக்கான சூழ்நிலை தவிர, பெண்களைச் சூரியன் மறைந்த பின்னரும் உதிக்கும் முன்னரும் கைது செய்யக் கூடாது. அத்தகைய சூழ்நிலையிலும் பெண் அதிகாரி, நீதிபதியின் முன் அனுமதியைப் பெற்றாக வேண்டும்.

இப்பொழுது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உண்மையான சட்டம், “வீட்டாருக்குச் சொல்” என்கிறது. மோசடிக்காரனோ, “வீட்டாருக்குச் சொல்லாதே” என்கிறான். இந்த ஒரு வேறுபாடு போதும், அவனை அடையாளம் காண! அவன் அணிந்திருக்கும் சீருடையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். அவன் காட்டும் முத்திரையையும் வாரண்டையும் பார்த்தும் முடிவு செய்ய வேண்டாம். அவையெல்லாம் கணினியில் சில நிமிடங்களில் உருவாக்கக் கூடியவை. நம் பெயரும் ஆதார் எண்ணும் அவனுக்குத் தெரிந்திருப்பதும் ஒரு சான்றாகாது. எத்தனை இடங்களில் நாம் ஆதார் நகலைக் கொடுத்திருக்கிறோம்!

நம் வீட்டுக் கதவுக்கு ஏற்ற சாவி

மோசடிக்காரன் ஆளுக்கேற்பக் கதையை மாற்றுகிறான். மகன் வளைகுடா நாட்டில் இருந்தால், “விபத்தில் சிக்கினான், உடனே பணம் கட்ட வேண்டும்” என்பான். ஹஜ்ஜுக்கு விண்ணப்பித்த குடும்பமென்றால், “இடம் உறுதியாகிவிட்டது, இன்றே முன்பணம் அனுப்புங்கள்” என்பான். ஹஜ் கமிட்டியின் மூலம் செல்வோர் அதன் அதிகாரப்பூர்வ இணையதளத்திலோ வங்கிக் கிளையிலோ பணம் செலுத்துகிறார்கள். முன்பின் அறியாத ஒருவரின் கைபேசி எண்ணுக்கு அன்று.

முஸ்லிம் பெயரைக் கேட்டதும், “உங்கள் கணக்கிலிருந்து தீவிரவாதிகளுக்குப் பணம் போயிருக்கிறது” என்று மிரட்டுவதும் உண்டு. எந்தத் தவறும் செய்யாத குடும்பமும் அதைக் கேட்டு நடுங்குகிறது. ‘அக்கம்பக்கத்தார் அறிந்தால் என்னாவது?’ என்று வாயடைத்துப் போகிறது. அந்த நடுக்கம்தான் அவனுடைய மூலதனம்.

மலையில் கடையோ காட்டேஜோ நடத்துவோருக்கு வேறு கதை. “வெலிங்டன் ராணுவ முகாமிலிருந்து பேசுகிறேன், இருபது கிலோ வர்க்கி வேண்டும். பணம் அனுப்புகிறேன், இந்தக் குறியீட்டை ஸ்கேன் செய்து உங்கள் இரகசிய எண்ணைப் போடுங்கள்” என்று ஒரு குரல் கேட்கக்கூடும். வெலிங்டன் என்றவுடன் நமக்கு மரியாதையும் நம்பிக்கையும் பிறக்கின்றன. ஆனால், பணம் பெறுவதற்கு இரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை. இரகசிய எண்ணைப் போட்டால் பணம் நம்மிடமிருந்து போகும்; வராது.

இப்போது கணினி வழியாக ஒருவரின் குரலையே போலியாக உண்டாக்க முடிகிறது. எனவே, குடும்பத்தினர் மட்டும் அறிந்த ஒரு சொல்லை இன்றே முடிவு செய்துகொள்ளுங்கள். “அம்மா, நான்தான், அவசரம்” என்று குரல் வந்தால், அந்தச் சொல்லைக் கேளுங்கள். சொல்லத் தெரியாவிட்டால், அழைப்பைத் துண்டித்துவிட்டு மகனின் வழக்கமான எண்ணுக்கு நீங்களே அழையுங்கள்.

மறுமுனையில் இருப்பவர்கள்

இந்தக் குரல்கள் எங்கிருந்து வருகின்றன? பல நம் நாட்டிலிருந்தே வருகின்றன. பல, மியான்மர், கம்போடியா போன்ற நாடுகளின் வேலியிட்ட வளாகங்களிலிருந்து வருகின்றன. மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும், கம்போடியாவில் சுமார் 1,00,000 பேரும் இத்தகைய மோசடி வேலையில் கட்டாயமாக ஈடுபடுத்தப்பட்டிருக்கலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023-ல் கூறியது. தாய்லாந்தில் கணினி வேலை என்ற விளம்பரத்தை நம்பிச் சென்று, மியான்மரின் மியாவாடியில் சிக்கிய தமிழக இளைஞர்கள் சிலர் 2022 அக்டோபரில் மீட்கப்பட்டுச் சென்னை வந்து சேர்ந்தார்கள். அயல்நாட்டு வேலைக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர், முகவர் அரசிடம் பதிவு பெற்றவர்தாமா என்று விசாரித்த பிறகே அனுப்ப வேண்டும்.

இன்னொரு வலையும் உண்டு. “உன் வங்கிக் கணக்கைச் சில நாட்கள் கொடு; பத்தாயிரம் தருகிறேன்” என்று கல்லூரி மாணவர்களிடம் ஆசை காட்டுவார்கள். பறித்த பணம் இத்தகைய இரவல் கணக்குகள் வழியாகத்தான் ஓடி மறைகிறது. விசாரணை வரும்போது முதலில் தேடப்படுபவன் அந்த மாணவனே. பிறர் கண்ணீர் கலந்த பணம் நம் பிள்ளையின் கணக்கைத் தொடவும் கூடாது. இதைப் பிள்ளைகளிடம் வெளிப்படையாகப் பேசுங்கள்.

பணம் போய்விட்டால்?

ஒரு நொடியும் தாமதிக்க வேண்டாம். 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். இது நாடு முழுவதற்குமான உதவி எண். எந்த வங்கி, எவ்வளவு தொகை, எந்த நேரம், பரிவர்த்தனை எண் எது ஆகியவற்றைச் சொல்லுங்கள். தகவல் உடனே சம்பந்தப்பட்ட வங்கிக்குச் செல்லும். பணம் அந்தக் கணக்கில் இன்னும் இருந்தால் முடக்கப்படும். வேறு வங்கிக்கு நகர்ந்திருந்தால் அந்த வங்கிக்கும் எச்சரிக்கை போகும். திருடனும் ஓடுகிறான், தகவலும் ஓடுகிறது. ஆகவே, முதல் ஒரு மணி நேரம் பொன்னானது. அதன்பின் தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலோ, ஊட்டியிலுள்ள மாவட்ட சைபர் குற்றக் காவல் நிலையத்திலோ முறைப்படி புகார் அளியுங்கள். பணம் போகவில்லை, அழைப்பு மட்டுமே வந்தது என்றாலும், ‘சஞ்சார் சாத்தி’ இணையதளத்தின் ‘சக்ஷு’ பகுதியில் அந்த எண்ணைத் தெரிவிக்கலாம். அது இன்னொரு வீட்டைக் காப்பாற்றும்.

இந்தக் கொடுமை இன்று நாட்டின் உயர்ந்த மன்றம்வரை சென்றிருக்கிறது. ஹரியானாவின் அம்பாலாவில் முதிய தம்பதியர் உச்சநீதிமன்றத்தின் பெயரிலான போலி உத்தரவுகளைக் கண்டு அஞ்சி, ஒரு கோடி ரூபாய்க்கு மேல் இழந்தனர். 2025 அக்டோபரில் உச்சநீதிமன்றம் இதைத் தானாகவே விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. டிசம்பர் 1-ஆம் நாள், டிஜிட்டல் கைது மோசடிகளை விசாரிக்கும் பொறுப்பை சி.பி.ஐ.யிடம் ஒப்படைத்தது.

வீட்டில் உள்ளோருக்கு ஒரு வார்த்தை

கணவன்மார்களே, பிள்ளைகளே! இனி உங்களிடம் பேச வேண்டியிருக்கிறது.

ஒரு தாய் ஏன் தன் வீட்டாரிடம் சொல்லாமல் அந்நியன் ஒருவனுக்குக் கட்டுப்படுகிறாள்? திரையில் தெரியும் காவலனுக்கு மட்டுமா அவள் அஞ்சுகிறாள்? “உனக்கெதற்கு இந்தக் கைபேசி?” “ஒன்றும் தெரியாதா உனக்கு?” என்று நாம் முன்பு சொன்ன சொற்களும் அவள் காதில் ஒலிக்கின்றன. மாமியாருக்குத் தெரிந்தால் ஏச்சு. மகனுக்குத் தெரிந்தால் கேலி. இந்த அச்சம்தான் அவள் வாயை அடைக்கிறது. மோசடிக்காரன் “சொல்லாதே” என்று ஒருமுறை கூறினால் போதும். மீதியை நம் கடுமொழி செய்து முடித்துவிடுகிறது.

அத்தாவும் அம்மாவும் மலையில் தனித்திருக்க, பிள்ளைகள் பெங்களூரிலும் துபாயிலும் வாழும் வீடுகள் இன்று எத்தனையோ! பணம் அனுப்புகிறோம், நாள்தோறும் ஐந்து நிமிடம் பேசுகிறோமா? நாள்தோறும் பேசும் பழக்கமுள்ள வீட்டில், எட்டு நாட்கள் ஒரு தாயைத் திரைக்குள் பூட்டி வைக்க எவனாலும் முடியாது.

தீயவன் ஒருவன் செய்தி கொண்டுவந்தால் அதைத் தீர விசாரித்தறியுமாறு திருக்குர்ஆனின் ‘அல் ஹுஜுராத்’ அத்தியாயம் நமக்கு வழிகாட்டுகிறது. காரியங்களைக் கலந்தாலோசித்துச் செய்வதை நம் மார்க்கம் சிறப்பித்துச் சொல்கிறது. விசாரிப்பதற்கும் ஆலோசிப்பதற்கும் வேண்டியது ஒன்றே: வாய்விட்டுச் சொல்வது.

இன்றிரவு உணவுக்குப் பின் குடும்பத்தோடு அமருங்கள். இந்தக் கட்டுரையை நன்னிக்கும் படித்துக் காட்டுங்கள். 1930 என்ற எண்ணைப் பெரிதாக எழுதி, தொலைபேசி இருக்குமிடத்தில் ஒட்டுங்கள். பிறகு வீட்டிலுள்ள பெண்களிடமும் பெரியவர்களிடமும் இந்த வாக்குறுதியைக் கொடுங்கள்: “எவன் என்ன சொல்லி மிரட்டினாலும் எங்களிடம் சொல்லுங்கள். பணமே போயிருந்தாலும் உங்களை ஏச மாட்டோம்.”

அடுத்த முறை மணி ஒலித்து, “யாரிடமும் சொல்லாதே” என்று அந்தக் குரல் கூறும்போது, உங்கள் தாய் அழைப்பைத் துண்டித்துவிட்டு உங்களைக் கூப்பிடுவார். அடுப்பில் பாலும் பொங்கி வழியாது, இன்ஷா அல்லாஹ்!