காசநோய்த் தடுப்பூசிச் சோதனையில் கட்டுப்படுத்தப்பட்ட மனிதத் தொற்று ஆய்வுகள்: தேவையும் வரம்பும்

ஆய்வுச் சுருக்கம்

தன்னார்வலர் உடலில் அளவறிந்து கிருமியைச் செலுத்தித் தடுப்பூசியின் ஆற்றலை மதிப்பிடுவது கட்டுப்படுத்தப்பட்ட மனிதத் தொற்று ஆய்வு எனப்படும். காசநோய்க் கிருமியை அவ்வாறு செலுத்த இயலாமையால் பி.சி.ஜி. கிருமி மாற்றாகக் கொள்ளப்படுகின்றது. அம்மாற்று எதனை அளக்கின்றது, எதனை அளக்கவில்லை என்பதை இக்கட்டுரை விளக்குகின்றது.

திறவுச்சொற்கள்: காசநோய், தடுப்பூசி, பி.சி.ஜி., மனிதத் தொற்று ஆய்வு, ஆய்வறம்

முன்னுரை

1921இல் முதன்முதலாக மனிதருக்கு அளிக்கப்பட்ட பி.சி.ஜி.யே உலகெங்கும் பரவலாக வழங்கும் ஒரே காசநோய்த் தடுப்பூசியாகும். குழந்தைகளைத் தாக்கும் கடுமையான காசநோய் வகைகளை அது தடுக்கின்றது. ஆயினும், செங்கல்பட்டில் 1968இல் தொடங்கி 2.5 இலட்சத்திற்கும் மேற்பட்டோரை உட்படுத்திய ஆய்வு, பெரியோரின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை எனக் காட்டியது. 15 ஆண்டுகள் பின்தொடர்ந்த பின்னரும் இம்முடிவு மாறவில்லை.

தொற்றுக்கு உள்ளானோருள் ஏறத்தாழ 5 முதல் 10 விழுக்காட்டினரே வாழ்நாளில் நோயுறுகின்றனர். எனவே, தடுப்பூசியின் பயனை அறியப் பல்லாயிரவரைப் பல்லாண்டு கண்காணிக்க வேண்டியுள்ளது. 2024இல் தொடங்கிய எம்72/ஏஎஸ்01ஈ தடுப்பூசியின் மூன்றாம் கட்டச் சோதனை 20,000 பேர் வரை சேர்க்கத் திட்டமிட்டது. எல்லாத் தடுப்பூசிகளையும் இவ்வாறு சோதித்தல் இயலாது. முன்னரே தேர்ந்தெடுக்கும் வழி தேவை.

காசநோயில் எழும் தடை

மலேரியா, டைபாய்டு, காலரா ஆகியவற்றில் மனிதத் தொற்று ஆய்வுகள் நிலைபெற்றுள்ளன. செலுத்திய கிருமியை உரிய மருந்தால் விரைவில் ஒழிக்கலாம் என்னும் உறுதியே அவற்றின் அறநெறி அடிப்படை. காசநோயில் இவ்வுறுதி இல்லை. மருத்துவம் பல மாதங்கள் நீளும். கிருமி உறங்குநிலையில் தங்கும். அது முற்றும் நீங்கியதை உறுதிசெய்யும் சோதனை இல்லை. நோய் பிறருக்கும் பரவும். செருமனியின் லூபெக் நகரில் 1930இல் நச்சுத்தன்மையுடைய காசக்கிருமி கலந்த பி.சி.ஜி. அளிக்கப்பட்டு 70க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தமை இவ்வச்சத்திற்கு வரலாற்றுச் சான்று.

மாற்றுக் கிருமியும் அதன் வரம்பும்

ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் தன்னார்வலரின் தோலில் பி.சி.ஜி.யைச் செலுத்தி, இரு வாரங்களுக்குப்பின் அவ்விடத்துத் திசுவை எடுத்து, எஞ்சிய கிருமிகளைக் கணக்கிட்டனர். முன்னரே பி.சி.ஜி. பெற்றோரிடம் எண்ணிக்கை குறைந்திருந்தது, எம்.வி.ஏ.85ஏ மட்டும் பெற்றோரிடம் அக்குறைவு காணப்படவில்லை. இத்தடுப்பூசி தென்னாப்பிரிக்காவில் 2,797 குழந்தைகளிடம் நடத்திய சோதனையிலும் பயனளிக்கவில்லை என்பது 2013இல் வெளியானது.

இவ்வொற்றுமை நம்பிக்கையூட்டினும் முழுச் சான்றாகாது. தோல் நுரையீரல் அன்று. இக்குறையைக் களையவே மூச்சுவழிச் செலுத்தும் முறை ஆராயப்படுகின்றது. மேலும், காசக்கிருமியிலுள்ள ஈசாட்-6 முதலிய புரதங்கள் பி.சி.ஜி.யில் இல்லை. அவற்றைக் குறிவைக்கும் தடுப்பூசி சிறந்ததாயினும், இம்முறையில் அதன் சிறப்பு வெளிப்படாது. எனவே, குறிப்பிட்ட மருந்து இருக்கும்வரை மட்டுமே வாழ்ந்து, அது நிறுத்தப்பட்டதும் தானே அழியுமாறு மாற்றியமைக்கப்பட்ட காசக்கிருமிகளை ஆய்வாளர்கள் உருவாக்கி, விலங்குகளில் சோதித்துள்ளனர்.

முடிவுரை

பாதுகாப்பு மிகுந்தோறும் மாற்றுக்கிருமி உண்மை நோயினின்று விலகுகின்றது. நோயை நெருங்குந்தோறும் தன்னார்வலரின் இடர் மிகுகின்றது. ஆதலின், இன்றைய நிலையில் இம்முறை தடுப்பூசிகளைச் சலிக்கும் சல்லடையே அன்றி, அவற்றின் பயனை இறுதியாக நிறுக்கும் தராசு அன்று. இவ்வரம்பைத் தன்னார்வலருக்கு ஒளிவின்றி உணர்த்திய பின்னர்ப் பெறும் இசைவே மெய்யான இசைவாகும்.