புழுவுக்கும் ஒரு செடி

வண்ணத்துப்பூச்சிகள் வந்து செல்லும் தோட்டத்தை விரும்புவோர், முதலில் பூச்செடிகளையே நாடுகின்றனர். வெட்சி, செண்டுமல்லி, ஜினியா, பென்டாஸ் என்று தொட்டிகள் நிரம்புகின்றன. பூச்சிகளும் வருகின்றன, சிறிது நேரம் தேன் அருந்திவிட்டுப் பறந்துவிடுகின்றன. அவை அங்கே தங்கிப் பெருகுவதில்லை. தேன், வளர்ந்த பூச்சிக்கு மட்டுமே உணவு. அதன் புழுவுக்கு இலை வேண்டும். அதிலும் எந்த இலையாயினும் போதும் என்பதில்லை.

இந்தியாவில் 1,300க்கும் மேற்பட்ட வண்ணத்துப்பூச்சி இனங்கள் உள்ளன. பெரும்பாலானவற்றின் புழுக்கள் குறிப்பிட்ட சில தாவரங்களை மட்டுமே உண்டு வளர்கின்றன. ஆகவே தாய்ப்பூச்சி இலைமீது அமர்ந்து, முன்னங்கால்களால் தட்டிச் சுவை பார்த்து, உரிய செடி என்று உறுதியான பின்னரே முட்டையிடுகிறது. அச்செடி இல்லாத தோட்டம் அதற்கு வழியில் உள்ள உணவு விடுதி மட்டுமே; பிள்ளை வளர்க்கும் வீடு ஆகாது.

டெல்லியிலோ மும்பையிலோ பெங்களூருவிலோ அடுக்ககத்தில் வாழும் நம் வாசகர்கள், இதற்காக அரிய செடி எதையும் தேடிச் செல்ல வேண்டியதில்லை. கறிவேப்பிலையே போதும். வடநாட்டில் அது ‘கடிபத்தா’, ‘மீட்டா நீம்’ என்னும் பெயர்களில் கிடைக்கிறது. ‘காமன் மார்மன்’ எனப்படும் கரிய வண்ணத்துப்பூச்சியும், கருப்பும் வெளிர்மஞ்சளும் கலந்த எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியும் கறிவேப்பிலையிலும் எலுமிச்சை, நாரத்தை முதலியவற்றிலும் முட்டையிடுகின்றன. இளம் புழுவைக் கண்டால் பறவையின் எச்சம் என்றே தோன்றும். அதுவே அதற்குக் காப்பு. வளர்ந்ததும் இலையின் பசுமையை ஏற்கிறது. தொட்டால் தலைக்குப் பின்னிருந்து கவைபோன்ற உறுப்பொன்றை நீட்டி, கடும் வாடையை வீசும். கடிப்பதில்லை, நமக்கு அதனால் தீங்கு ஏதுமில்லை.

இந்தப் புழுக்களைத்தான் நாம் ‘செடியில் பூச்சி விழுந்துவிட்டது’ என்று சொல்லி நசுக்குகிறோம், மருந்து தெளிக்கிறோம். வண்ணத்துப்பூச்சியை வரவேற்கும் அதே கையால் அதன் குழந்தைப் பருவத்தை அழிக்கிறோம். வேப்பெண்ணெய் இயற்கைப் பொருள்தான். ஆயினும் அதுவும் புழுக்களைக் கொல்லும். சமையலுக்கு இலை வேண்டுமே என்னும் கவலை நியாயமானது. சிறு தொட்டிச் செடியை மூன்று, நான்கு புழுக்களே மொட்டையாக்கிவிடும். இரண்டு செடிகளை வளர்த்து, ஒன்றைப் புழுக்களுக்கென ஒதுக்குவதே நாம் பரிந்துரைக்கும் வழி. உண்ணப்பட்ட செடி பெரும்பாலும் மீண்டும் துளிர்க்கும்.

சற்று இடம் உள்ளவர்கள் எருக்கை வளர்க்கலாம். சாலையோரத்தில் யாரும் மதிக்காமல் நிற்கும் இச்செடியே, செம்பழுப்பு நிறமுள்ள ‘பிளெயின் டைகர்’ பூச்சியின் தொட்டில். எருக்கம்பாலின் நச்சைப் புழு தன் உடலில் சேர்த்துவைக்கிறது. பூச்சியான பின்னரும் பறவைகள் அதைத் தவிர்க்கின்றன. ஈஸ்வரமூலிக் கொடியை உண்ணும் ‘காமன் ரோஸ்’ பூச்சிக்கும் இத்தகைய நச்சுக் காப்பு உண்டு. வியப்பு என்னவெனில், நச்சில்லாத காமன் மார்மனின் பெண்பூச்சிகளுள் ஒரு வகை, அந்த ரோஸின் தோற்றத்தையே பூண்டு பறவைகளை ஏமாற்றுகிறது. சரக்கொன்றைக்கு ‘எமிக்ரன்ட்’ இனப் பூச்சிகளும், அரளிக்கு ‘காமன் குரோ’வும், ஆமணக்குக்கு ‘காமன் காஸ்டர்’ என்பதும் வரும். எருக்கம்பால் கண்ணில் படலாகாது. அரளியின் எல்லாப் பகுதிகளும் நச்சுடையவை. சிறுவர்களும் வளர்ப்பு விலங்குகளும் உள்ள வீடுகளில் இவ்விரண்டையும் தவிர்ப்பது நன்று.

பூச்செடிகளைப் பொறுத்தவரை, ஒற்றை அடுக்கு மலர்களையே தேர்ந்தெடுங்கள். இதழ்கள் அடர்ந்த கலப்பின மலர்களில் பல, கண்ணுக்கு விருந்தே தவிர, பூச்சிக்குத் தேன் தருவதில்லை. களையென்று பிடுங்கி எறியப்படும் வெட்டுக்காயப் பூண்டின் சிறு பூக்களைச் சிறிய வண்ணத்துப்பூச்சிகள் பெரிதும் நாடும். உண்ணிச்செடியும் தேன் நிறைந்ததே. ஆனால் அயல்நாட்டிலிருந்து வந்து நம் காடுகளை ஆக்கிரமித்துள்ள அதனை நாம் பரிந்துரைப்பதில்லை.

தொட்டிகளை வெயில் படும், காற்று அதிகம் வீசாத இடத்தில் வையுங்கள். இறக்கைகளை வெயிலில் காயவைத்து உடல் சூடேறிய பின்னரே பூச்சி பறக்கும். ஒரு தட்டில் ஈர மண் இருந்தால், அதிலுள்ள உப்புகளை உறிஞ்ச ஆண்பூச்சிகள் வரும். வாங்கும்போதே செடியில் மருந்து தெளிக்கப்பட்டதா என்று நாற்றுப்பண்ணையில் கேட்டுக்கொள்வதும் அவசியம்.

செடியைக் கத்தரிக்குமுன் தண்டுகளையும் இலைகளின் அடிப்புறத்தையும் பாருங்கள். காய்ந்த இலைபோலத் தொங்குவது கூட்டுப்புழுவாக இருக்கலாம். அதிலிருந்து வெளிவரும் பூச்சியின் இறக்கைகள் முதலில் சுருங்கியும் ஈரமாகவுமே இருக்கும். அவை விரிந்து உலரும்வரை அதனைத் தொடாதிருங்கள்.