செம்மணல் நாட்டின் மறைநீர்

காரணம் விளங்காத காட்சியொன்றைக் கண்டவிடத்து மனித உள்ளம் வாளா இருப்பதில்லை. அதற்கு ஒரு கதையை வகுத்துக்கொண்டு அமைதி பெறும். அக்கதையைக் கற்றோர் பலர் பொய்யென்று இகழ்ந்து தள்ளுவர். மற்றோர் பலர் மெய்யென்று அஞ்சிக் கைகூப்புவர். இவ்விரு திறத்தாரும் ஒன்றனை நோக்கத் தவறிவிடுகின்றனர். கதை கூறும் காரணம் பிழைபடினும், கதைக்கு அடிப்படையாக நின்ற காட்சி பெரும்பாலும் பிழைபடுவதில்லை. ஒரு நிலத்திலே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர், அந்நிலத்தின் இயல்பைக் கூர்ந்து கண்டே கதை புனைந்தனர். திருநெல்வேலிச் சீமையின் தென்கீழ்க் கோடியிலே வழங்கும் நான்கு விந்தைகளைக் கொண்டு இதனை ஒருவாறு விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திருச்செந்தூர், உடன்குடி, சாத்தான்குளம், திசையன்விளை என்னும் ஊர்களைச் சூழ்ந்த நிலப்பகுதி இன்று தூத்துக்குடி, திருநெல்வேலி என்னும் இரு மாவட்டங்களிலே அமைந்துள்ளது; 1986 ஆம் ஆண்டுக்கு முன்னர் அது முழுதும் ஒரே மாவட்டமாக இருந்தது. இப்பகுதியிலே குருதி தோய்ந்தாற் போன்ற செந்நிற மணல் குன்று குன்றாகக் குவிந்து கிடக்கின்றது. இதனை மக்கள் 'தேரி' என்பர். மணல்மேடு என்பது அச்சொல்லின் பொருள். கிழக்கே நெய்தல், வடக்கே பொருநை பாயும் மருதம். இடையே இச்செம்மணற் பரப்பு. முல்லையும் குறிஞ்சியும் தம் நல்லியல்பு திரிந்தவிடத்துப் பாலை தோன்றும் என்பது சிலப்பதிகாரம் உணர்த்தும் கருத்து. தமிழ்நாட்டிலே பாலையைக் கண்ணாற் காண விரும்புவோர் ஆடித் திங்களில் தேரிக்குச் சென்றால் போதும்.

இம்மணல் எவ்வாறு வந்தது? அவ்வூரார் கூறும் கதை இது. முன்னொரு காலத்தில் இந்நிலம் சோலையும் வயலும் நிறைந்த வளநாடாக இருந்தது. ஒரு கன்னிப்பெண் சுனையிலே நீர் முகந்து சென்றபோது, அரசனுக்குரிய மாமரத்தின் கனியொன்று அவள் அறியாமலே குடத்தினுள் வீழ்ந்துவிட்டது. காவலர் அவளைக் கள்வியென்று பற்றினர். அரசனும் ஆராயாது கொலைத் தண்டனை விதித்தனன். சாகும் தறுவாயில் அவள், 'இந்நாடு மண்மாரி பெய்து அழிக. இச்சுனை மாத்திரம் அழியாது நிற்க' என்று சபித்தனள். அவ்வாறே மண்மாரி பெய்தது, நாடு மறைந்தது, சுனையை மட்டும் ஐயனார் காத்து நின்றார். ஊர்தோறும் பெயர்களும் நிகழ்ச்சிகளும் சிறிது வேறுபடினும், கதையின் உயிர்நிலை இதுவேயாகும். தேரிக்குடியிருப்பிலுள்ள கற்குவேல் ஐயனார் கோயிலிலே கார்த்திகைத் திங்கள் இறுதியில் நிகழும் 'கள்ளர் வெட்டு' என்னும் விழாவும் களவையும் தண்டனையையும் நினைவூட்டுவதே. தேரி மணலின்மேல் இளநீரை வெட்டுவர். அந்நீர் சிந்திய மணலை மக்கள் திரண்டு அள்ளிச் சென்று, தம் வீட்டிலும் விளைநிலத்திலும் வைப்பர்.

இனி, நிலநூல் வல்லார் கூறுவதைக் கேட்போம். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குமலைக்கு அப்பால் தன் நீரையெல்லாம் பொழிந்துவிட்டு, ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வறண்ட காற்றாக இச்சமவெளியிற் புகுகின்றது. அதன் வேகத்திற்கு இன்று அக்கணவாயருகே சுழலும் காற்றாலைகளே சான்று. காற்றால் வாரிக் குவிக்கப்பட்ட மணலே தேரி. அம்மணலிற் பெரும்பகுதி வெண்ணிறப் படிகக்கல் துகளேயாகும். அதனோடு கலந்துள்ள இரும்புச் சத்துடைய தாதுக்கள் நெடுங்காலம் ஈரத்தாலும் வெப்பத்தாலும் சிதைந்து, ஒவ்வொரு மணலின்மேலும் துருவைப் போன்ற மெல்லிய செம்பூச்சாகப் படிந்துள்ளன. மணல் சிவந்தது குருதியால் அன்று, இரும்பால்.

ஆயின், 'மண்மாரி' என்னும் சொல் வெறுங் கற்பனையோ? அன்று. காற்று மிகுந்த திங்கள்களில் தேரிமணல் இடம் பெயர்ந்து தோட்டங்களையும் வழிகளையும் மூடியது இப்பகுதியார் நன்கு அறிந்த செய்தி. அதனைத் தடுத்து நிறுத்தவே பனையும் பிற மரங்களும் நட்டு வளர்க்கப்பட்டன. இத்தேரிகளில் பழங்கால மக்கள் செய்த சிறு கற்கருவிகள் பல கிடைத்துள்ளன. சாய்னர், ஆல்சின் என்னும் இருவர் 1956 ஆம் ஆண்டில் அவற்றை ஆராய்ந்து எழுதினர். எனவே மனிதன் இந்நிலத்தில் மிகப் பழங்காலந்தொட்டே வாழ்ந்து வந்தான். மண் வந்து மூடுவதைக் கண்ணாற் கண்டவர் வாயிலே பிறந்த சொல்லே மண்மாரி என்பது.

இரண்டாவது விந்தை அக்கதையிலே கூறப்பட்ட சுனை. திருச்செந்தூருக்கு அண்மையில் மேலப்புதுக்குடி என்னும் ஊரருகே, தேரியின் நடுவே, அருஞ்சுனை காத்த ஐயனார் கோயில் உள்ளது. சுற்றிலும் கால் வைக்கவொண்ணாத சுடுமணல். நடுவிலே மரங்கள் அடர்ந்த நிழலும் தெளிந்த நீர்ச்சுனையும். பங்குனி உத்திரத்தன்று அங்கே திரளாகக் கூடுவோர் இதனை ஐயனாரின் அருளென்பர்.

இதன் காரணத்தை அறிய, தேரியில் மழை பெய்யும்போது நிகழ்வதை உன்னுதல் வேண்டும். இந்நாட்டிற்கு மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களிலேயே கிடைக்கின்றது. களிமண் நிலத்திலே பெய்த மழை ஓடையாகி ஓடும், குளமாகித் தேங்கும், வெயிலிலே ஆவியாகும். தேரியிலோ பெய்த நீர் பெய்தவிடத்திலேயே மணலுள் இறங்கிவிடும். மேலே உலர்ந்த மணல் ஒரு போர்வையாக நின்று, கீழே சென்ற நீரைக் கதிரவன் கைக்கு எட்டாதபடி மறைக்கின்றது. இறங்கிய நீர், எளிதில் ஊடுருவவியலாத அடிநிலத்தை எய்தியதும் பக்கவாட்டில் மெல்ல நகர்ந்து, தாழ்ந்த பள்ளம் வாய்த்தவிடத்தே ஊற்றாக வெளிப்படும். ஆகவே சுனை மணலின் பகையன்று, மணலின் மகவே. மணல் வந்து நாட்டை மூடியது என்பதும், சுனை மட்டும் அழியாது நின்றது என்பதும் முரண்பட்ட இரு செய்திகளாகத் தோன்றினும், உண்மையில் ஒன்றற்கொன்று காரணமாயின. தேரியோரத்துப் பனைகள் கோடையிலும் இனிய பதநீர் சுரப்பதும், அதனைக் காய்ச்சியெடுத்த உடன்குடிக் கருப்பட்டி நாடெங்கும் பேர்பெற்றதும் இம்மறைநீரின் கொடையே. மணலிலே தோண்டுந்தோறும் ஊறும் நீரைத் திருவள்ளுவர் கல்விக்கு உவமையாக எடுத்தாண்டதன் அருமை, இந்நிலத்தைக் கண்டார்க்கு இனிது விளங்கும்.

மூன்றாவது விந்தை திருச்செந்தூர்க் கடற்கரையிலுள்ள நாழிக்கிணறு. பெரியதொரு கிணற்றினுள்ளே சிறியதொரு கிணறாக அமைந்த இது, அலைகடலுக்கு மிக அணித்தாக இருந்தும் உவர்ப்பற்ற நீரைத் தருகின்றது. சூரனோடு பொருத படைவீரரின் நீர்வேட்கையைத் தணிக்க முருகன் தன் வேலாற் குத்தி உண்டாக்கிய ஊற்று இது என்பது கோயில் வரலாறு. கடலாடி வந்தோர் இதன் நீரில் மீண்டும் நீராடுதல் மரபு.

உவர்க்கடலின் அருகே நன்னீர் எவ்வாறு நிற்கும்? கடல்நீர் நன்னீரைக் காட்டிலும் நூற்றுக்கு ஏறத்தாழ 2.5 பங்கு கனமுடையது. ஆதலின் மணலுள் இறங்கிய மழைநீர், மணலுள் ஊடுருவியுள்ள கடல்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. இவ்வுண்மையை 1888 இல் ஒல்லாந்து நாட்டுக் கைபென் என்பவரும், 1901 இல் ஜெர்மனி நாட்டு ஹெர்ஸ்பர்க் என்பவரும் தனித்தனியே கண்டு கணக்கிட்டுரைத்தனர். கடல்மட்டத்திற்கு மேல் 1 அடி உயரம் நன்னீர் நிற்குமாயின், கடல்மட்டத்திற்குக் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம் வரை நன்னீரே நிறைந்திருக்கும் என்பது அவர்தம் கணக்கு. பனிக்கட்டி நீரில் மிதக்குங்கால் சிறுபகுதி மேலும் பெரும்பகுதி கீழுமாக நிற்பதை இதற்கு ஒப்பாகக் கொள்ளலாம். கடலோரத்தில் ஆழமின்றித் தோண்டிய கிணறு நன்னீரையும், ஆழத் தோண்டிய கிணறு உவர்நீரையும் தருவதன் காரணம் இதுவே.

நான்காவது விந்தை நம் காலத்தது. திசையன்விளைக்கு அருகே ஆயன்குளம் என்னும் ஊரிலே ஒரு கிணறு உள்ளது. 2021 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்துப் பெருமழையில் வெள்ளநீர் ஆறுபோற் பாய்ந்து அதனுள் வீழ்ந்தது. நாட்கள் பல கழிந்தும் கிணறு நிறையவில்லை. அதனைக் காணத் திரண்ட மக்கள் 'அதிசயக் கிணறு' என்று பெயரிட்டனர். கடல் வரை சுரங்கம் உண்டென்று சிலரும், பாதாளத்திலே ஆறு ஓடுகின்றதென்று சிலரும் பேசினர். சென்னையிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தார் வந்து ஆராய்ந்து, அங்கே நிலத்தடியிலுள்ளது சுண்ணாம்புப் பாறையென்று விளக்கினர். வானத்திலும் மண்ணிலும் உள்ள கரியமிலவாயு மழைநீரிற் கலந்து, அதனை மிக மெல்லிய புளிப்புடையதாக்குகின்றது. அப்புளிப்பு நெடுங்காலம் சுண்ணாம்புப் பாறையைச் சிறிது சிறிதாகக் கரைத்து, வெடிப்பைப் புழையாகவும், புழையைப் பிலமாகவும் விரித்துவிடுகின்றது. கிணற்றினுள் வீழ்ந்த வெள்ளம் அப்பிலங்களின் வழியே பரவிச் சென்றது. 'பாதாளத்தில் வழி உண்டு' என்ற ஊரார் கூற்றிலே, வழியை அமைத்தவர் யாரென்பது ஒன்றே மாறுபட்டது. வழி உண்டென்பது மெய்யாயிற்று.

இந்நான்கு விந்தைகளையும் ஒருங்கு வைத்து நோக்குமின். செம்மணலின்மேல் ஓடை காணாமையும், மணல் நடுவே சுனையும், கடலருகே நன்னீரும், நிறையாத கிணறும் ஒரே உண்மையின் நான்கு முகங்களாம். இந்நாட்டின் ஆறு நிலத்தின்மேல் ஓடுவதில்லை, நிலத்தினுள்ளே மறைந்துள்ளது. இதனை நம் முன்னோர் கணக்கிட்டறியாராயினும் கண்டறிந்திருந்தனர்.

இங்கே நாம் நின்று எண்ணவேண்டிய செய்தி ஒன்றுண்டு. மேற்கூறிய கணக்கு இருபுறமும் செல்லும். 1 அடி நன்னீர் 40 அடி ஆழத்திற்குக் கடலைத் தடுத்து நிறுத்துமாயின், அந்த 1 அடியை நாம் இறைத்துவிட்டால் கடல்நீர் 40 அடி மேலேறி வரும் என்பதும் அதே கணக்கேயாகும். ஆழ்துளைக் கிணறுகளும் பொறிகளும் பெருகிய இந்நாளிலே, உடன்குடி, திருச்செந்தூர்ப் பகுதிகளில் கிணற்றுநீர் உவராகி வருதலை உழவர் எடுத்துக் கூறி முறையிடுகின்றனர். ஒருமுறை உவரேறிய நிலத்தடியை மீண்டும் நன்னீராக்குதற்குப் பல ஆண்டு மழை வேண்டும். மழையோ நாம் வேண்டியவாறு பெய்வதில்லை. 2023 ஆம் ஆண்டு டிசம்பர் 18 ஆம் நாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்திலே காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. ஓர் ஆண்டில் இயல்பாகப் பெய்வதினும் மிகுந்த நீர் ஒரே நாளிற் பொழிந்து, ஊர்களை மூழ்கடித்துக் கடலிற் கலந்தது.

இத்தகைய வெள்ளத்தை நிலத்தினுள் செலுத்த ஆயன்குளம் ஒரு வழி காட்டுகின்றது. ஆயினும் அதிலும் எச்சரிக்கை வேண்டும். மணல் நீரை வடிகட்டி அனுப்பும். சுண்ணாம்புப் பிலம் வடிகட்டுவதில்லை. கிணற்று வாயிலே புகுந்த அழுக்கு அப்படியே அயலூர்க் கிணற்றிலும் சென்று தோன்றுதல் கூடும். ஆகவே வெள்ளத்தைத் தெளியவைத்தே உள்ளே விடுதல் முறை.

பண்டைக் கதைகள் காரணத்தை அறியாவிடினும் காவலை அறிந்திருந்தன. ஐயனார் காக்கும் சுனையில் அழுக்கைக் கொட்ட ஒருவரும் துணியார். அங்குள்ள மரத்தை வெட்டக் கோடரி எடுப்பார் கை நடுங்கும். நீர் முகந்து சென்ற ஏழைப் பெண்ணுக்கு இழைத்த அநீதியால் நாடே பாலையாயிற்று என்னும் கதை, நீரையும் அதனை நாடி வருவோரையும் அவமதிப்பவன் நாடு நிலையாது என்று அரசனுக்கும் அறிவுறுத்தியது. இன்று கல்வி பரவியமையால் கதையைப் பற்றிய அச்சம் நீங்கி வருகின்றது. அஃது இயல்பே. ஆனால் அச்சம் நீங்கியவிடத்து அறிவு வந்து காவலிருக்க வேண்டும். அச்சமும் நீங்கி, அறிவும் வாராதாயின், காப்பாரற்ற சுனை நம் கண்முன்னரே வற்றிப்போம். அப்போது மண்மாரிக் கதை மீண்டும் மெய்யாகும்.

இவ்வேலை பெரும் புலவர்க்கும் அரசினர்க்கும் மட்டுமே உரியதன்று. நம் கல்லூரி மாணவர் பலர் இத்தகைய ஊர்களிலிருந்தே வந்துள்ளனர். விடுமுறையிலே ஊர் செல்லுங்கால், பாட்டியரும் பாட்டன்மாரும் கூறும் சுனைக் கதைகளையும் கிணற்றுக் கதைகளையும் சொன்னவாறே எழுதிவைப்போமாக. அவ்வவ்விடத்து நீர் எத்திங்களில் உயர்கின்றது, எத்திங்களில் தாழ்கின்றது, சுவை மாறியது எந்நாளிலிருந்து என்பவற்றையும் அவற்றோடு குறித்துவைப்போமாக. தமிழ் கற்போர் கதையைக் காக்க, இயற்கைநூல் கற்போர் காரணத்தைக் காண, ஊரார் நீரைக் காப்பாராயின், தேரியின் அருஞ்சுனை இன்னும் பல தலைமுறைக்கு ஊறும்.