பொருள் என்ற சொல்லுக்கு எத்தனை பொருள்?

தமிழில் ‘பொருள்’ என்ற ஒரே சொல் பணத்தையும் குறிக்கிறது, அர்த்தத்தையும் குறிக்கிறது. வள்ளுவர் பொருட்பாலுக்கு 70 அதிகாரங்களை ஒதுக்கினார். வாழ்க்கைக்கு என்ன பொருள் என்று கேட்கும்போதும் நாம் அதே சொல்லைத்தான் நாடுகிறோம். பிழைப்புக்காக ஊரை விட்டு வந்த நம் குடும்பங்களில், முதல் பொருளைத் தேடும் ஓட்டத்தில் இரண்டாவது பொருள் கைநழுவிப் போய்விடுகிறது.

இது எனக்கு உறைத்தது, ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான். பணிக்கொடையும் வைப்பு நிதியும் வந்தன. மாதாமாதம் ஓய்வூதியமும் உண்டு. குறை ஒன்றுமில்லை. ஆனால் விடிந்ததும் எதற்காக எழுந்திருப்பது என்று தெரியவில்லை. வங்கிப் புத்தகத்தைப் புரட்டுவதே அன்றாட வேலையாயிற்று. “என்னங்க, நேற்றுப் பார்த்த கணக்குதானே? இன்றைக்கு அதில் என்ன கூடியிருக்கப் போகிறது?” என்று என் மனைவி கேட்டாள். பதில் சொல்லத் தெரியவில்லை.

லூக்கா எழுதிய சுவிசேஷத்தின் 12ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்ன கதை ஒன்று உண்டு. விளைச்சல் பெருகிய ஒரு செல்வன், பழைய களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்டத் திட்டமிடுகிறான். அன்றிரவே அவன் உயிர் கேட்கப்படுகிறது. அவன் திருடினான் என்றோ, ஏமாற்றினான் என்றோ கதையில் இல்லை. சேர்த்ததெல்லாம் எதற்காக என்று கேட்க மறந்ததே அவன் பிழை. பவுலும் தீமோத்தேயுவுக்கு எழுதிய கடிதத்தில் பணத்தைப் பழிக்கவில்லை. பண ஆசையைத்தான் பழிக்கிறார். கிறிஸ்தவ நோக்கில் நாம் பணத்துக்கு உரிமையாளர் அல்லர். கணக்கு ஒப்புவிக்க வேண்டிய உக்கிராணக்காரர்.

இதை வாழ்ந்து காட்டியவர் நம் நகரத்திலேயே இருந்தார். 1946 செப்டம்பர் 10 அன்று டார்ஜிலிங் செல்லும் ரயிலில், ஏழைகளுள் ஏழைகளிடம் போகும்படி அழைப்புப் பெற்றதாக அன்னை தெரசா கூறினார். 1950இல் அவரது சபை தொடங்கியது. 1964இல் போப் ஆறாம் பவுல் தமது காரை அவருக்குக் கொடுத்துவிட்டுச் சென்றார். அன்னை அதில் ஏறிப் போகவில்லை. பரிசுச் சீட்டு நடத்தி, அந்தப் பணத்தைத் தொழுநோயாளர் குடியிருப்புக்குச் செலவிட்டார். 1979இல் நோபல் பரிசு பெற்றபோது விருந்தை நிறுத்தச் சொல்லி, அந்தத் தொகையையும் ஏழைகளுக்கே கேட்டு வாங்கினார்.

அவருடைய பணிமுறை பற்றியும் நன்கொடைகள் பற்றியும் விமரிசனங்கள் எழுந்ததுண்டு. அவற்றையும் படித்தேன். ஆனால் என்னை உலுக்கியது வேறு. அவர் 1997இல் மறைந்தார்; அவருடைய அந்தரங்கக் கடிதங்கள் 2007இல் நூலாக வந்தன. பல்லாண்டுகள் உள்ளத்தில் இருளே சூழ்ந்திருந்ததாகவும், கடவுளின் அண்மையை உணர முடியவில்லை என்றும் அவற்றில் எழுதியிருந்தார். அப்படியிருந்தும் அவர் வேலையை நிறுத்தவில்லை.

பணம் மகிழ்ச்சி தராது என்பது பழைய பேச்சு. இந்தக் கடிதங்கள் அதற்கும் ஒரு படி மேலே போகின்றன. மகிழ்ச்சியும்கூட வாழ்வின் இலக்கு அன்று. அது வரலாம், வராமலும் போகலாம். செய்ய வேண்டிய பணி மட்டும் காத்திருக்கிறது.

சியால்டாவிலிருந்து லோக்கல் ரயிலில் சுமார் 20 கிலோமீட்டர் போனால் டிட்டாகர். அங்கே தண்டவாளத்தை ஒட்டி, அந்தச் சபையின் ‘காந்திஜி பிரேம் நிவாஸ்’ என்ற தொழுநோயாளர் இல்லம் இருக்கிறது. கன்னியர் உடுத்தும் நீலக்கரை வெள்ளைச் சேலைகள் அங்குள்ள தறிகளில்தான் நெய்யப்படுகின்றன. ஊர் ஒதுக்கிவைத்த கைகள் நெய்த சேலையை உலகெங்கும் கன்னியர் உடுத்துகிறார்கள். அந்தத் தறிகளில் உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பிச்சை கிடைக்கவில்லை, வேலை கிடைத்தது. அங்கே பொருள் என்ற சொல்லின் இரண்டு அர்த்தங்களும் ஒரே தறியில் சேர்ந்துவிட்டன.

எனக்கு டிப்ளமோ படிப்பும் கொஞ்சம் கணக்கும் தெரியும். இப்போது மாலையில் எங்கள் பகுதியில் வீட்டு வேலை செய்யும் பெண்களின் பிள்ளைகள் நான்கு பேருக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன். பெரிய தொண்டு ஒன்றுமில்லை. ஆனால் ஐந்து மணிக்கு ஒருவர் வாசலில் காத்திருப்பார் என்று தெரிந்தால், காலையில் எழுந்திருக்கக் காரணம் தேட வேண்டியதில்லை.

வேலைக்குப் போன பிள்ளையிடம் “சம்பளம் எவ்வளவு?” என்று கேட்பது நம் வழக்கம். கேட்கட்டும், தவறில்லை. கூடவே, “உன் வேலையால் யாருக்கு நன்மை?” என்றும் ஒரு வார்த்தை கேட்டு வைப்போம்.